மூளையில் ரத்தக்கசிவு... உயிர் தப்பியவருக்கு காலில் காத்திருக்கும் ஆபத்து! கொல்லிமலைக்காரர்கள் ஏன் கூடுதலா கவனிக்கணும்?

தலையில் ரத்தக்கசிவு என்று ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய நிமிடத்தில் இருந்து, குடும்பத்தில் எல்லோருடைய கவனமும் அவர் தலையில்தான் இருக்கும். ஸ்கேன் என்ன சொல்லுது, ஆபரேஷன் பண்ணணுமா, கண்ணைத் திறந்தாரா, பேசினாரா... பேச்சு முழுக்க இதுதான். போர்வைக்குள் இருக்கும் காலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

சிக்கலே அங்கேதான். மூளை ரத்தக்கசிவால் படுக்கையில் விழுந்தவருக்கு, காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் முதல் வாரத்திலேயே ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி பிய்ந்து, ரத்த ஓட்டத்தோடு மேலே போய், நுரையீரலை அடைத்துவிட்டால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். தலைக் கண்டத்தில் தப்பித்தவரை, கால் கொண்டுபோய்விடும்.

டாக்டர்கள் இதை 'டிவிடி' என்பார்கள். படம் பார்க்கிற டிவிடி இல்லை. டீப் வெயின் த்ராம்போசிஸ் என்பதன் சுருக்கம். வார்டில் இந்த வார்த்தை காதில் விழுந்தால் கவனமாகக் கேளுங்கள்.

எடப்புளி நாட்டில் இருந்து நாமக்கல் வரை...

கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே 'நாடு' என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, எடப்புளி நாடு என்று மலை முழுக்க பரவிக் கிடக்கும் சிறுசிறு ஊர்கள்.

எடப்புளி நாட்டில் ஒருவருக்கு ராத்திரி வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 108-ஐக் கூப்பிட வேண்டும். வண்டி நிற்கும் இடம் வரை ஆளைத் தூக்கி வர வேண்டியிருக்கலாம். செம்மேடு வந்து, காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அப்புறம் நாமக்கல். வந்திருப்பது அடைப்பா, கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிகிச்சையோ நேர் எதிர்.

முன்பைவிட நிலைமை தேவலை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. 108 சேவை தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். ஆக, மலையில் இருந்து ஆளை இறக்கி ஸ்கேன் வரை கொண்டுபோகும் பாதை கடந்த 15, 20 வருடங்களில் நிறையவே சீராகியிருக்கிறது.

ஆனால் கால் கணக்கு வேறு. நோயாளி ஆஸ்பத்திரியில் சேர்ந்த நேரத்தில் இருந்து அது ஓடுவதில்லை. அவர் அசையாமல் விழுந்த நொடியில் இருந்தே ஓட ஆரம்பித்துவிடுகிறது. 'காலையில பாத்துக்கலாம்' என்று வீட்டில் கிடந்த நேரம், மலை இறங்கிய நேரம், அவசர சிகிச்சைப் பிரிவு ஸ்ட்ரெச்சரில் கிடந்த நேரம், மேல் சிகிச்சைக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிய நேரம் என எல்லாமே அசையாமல் கிடந்த நேரம்தான். ஒவ்வொரு இடத்தில் கைமாறும்போதும் சீட்டில் தலையைப் பற்றி எழுதுவார்கள், பிரஷர் எவ்வளவு என்று எழுதுவார்கள். காலில் உறையாமல் தடுக்க என்ன செய்தார்கள், எப்போது தொடங்கினார்கள் என்பதுதான் கைமாறும் இடத்தில் சுலபமாக விட்டுப்போகக்கூடிய வரி.

ஒரே ரத்தம்... தலையில் ஒழுகுது, காலில் எப்படி உறையும்?

எல்லோருக்கும் வருகிற சந்தேகம் இது. ரத்தம் கசிகிறது என்றால் உறையவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படி இல்லை. பெரும்பாலான மூளை ரத்தக்கசிவில் ரத்தத்தில் குறை இருப்பதில்லை. வருடக்கணக்கில் பிரஷர் கட்டுப்படாமல், மூளைக்குள் இருக்கும் மெல்லிய குழாய் ஒன்று பலவீனமாகி வெடிக்கிறது. உறையும் சக்தி அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால், உடம்பில் எங்கோ கசிவு என்றதும் அதை அடைக்க உடம்பு உறைய வைக்கும் வேலையை முடுக்கிவிடுகிறது. அந்த முடுக்கம் தலையோடு நிற்பதில்லை, ஊர் முழுக்க பரவுகிறது.

அடுத்தது ஓட்டம். காலில் இருக்கும் ரத்தம் மேலே ஏறுவதற்கு கெண்டைக்கால் தசைதான் பம்பு. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளும். கால் செயலிழந்தால் பம்பு நின்றுவிடும். தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கிற மாதிரி, தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கும். மூளை வீக்கம் குறைய மானிட்டால் மாதிரி மருந்து கொடுத்திருந்தால் உடம்பில் நீரும் குறையும். விழுங்க முடியாதவருக்கு சொல்லவே வேண்டாம்.

ஓட்டம் குறைவது, உறையும் தன்மை கூடுவது, குழாயின் சுவர் பாதிக்கப்படுவது: இந்த மூன்றையும் 19-ம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோவின் பெயரால் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அவர் பிறந்த அக்டோபர் 13-தான் உலக ரத்த உறைவு தினம். அக்டோபர் 29 உலக பக்கவாத தினம். இரண்டுக்கும் நடுவில் 16 நாள்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பேசும் விழிப்புணர்வு போஸ்டரைப் பார்ப்பது அபூர்வம்.

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு வர்றது' - உண்மையா?

ரொம்ப நாளாக இந்தியாவில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது, டாக்டர்கள் மத்தியிலேயே. நம் ஊர் உணவு, நம் உடல்வாகு, இங்கே காலில் ரத்தம் உறைவது குறைவு என்று. அதை உடைத்த ஆய்வுகளில் ஒன்று நம்ம வேலூரில் இருந்தே வந்தது. சிஎம்சி மருத்துவமனையில் 1996 முதல் 2005 வரையிலான பதிவுகளைப் புரட்டியபோது, உள்நோயாளிகளாகச் சேர்ந்த 10,000 பேருக்கு சுமார் 17 பேர் என்ற கணக்கில் டிவிடி உறுதியாகியிருந்தது. ஸ்கேன் எடுத்து கண்டுபிடித்தவை மட்டுமே இந்தக் கணக்கு. எடுக்காமல் விட்டது எத்தனையோ.

தடுப்பு சிகிச்சை எந்த அளவுக்கு நடக்கிறது? 2008-ல் வெளியான 'எண்டோர்ஸ்' என்ற ஆய்வு 32 நாடுகளின் ஆஸ்பத்திரிகளைப் பார்த்தது. படுக்கையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு உறைவு ஆபத்து இருந்தது. உலக அளவில், ஆபத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு தடுப்பு கிடைத்தது. இந்தியாவிலோ ஐந்தில் ஒருவருக்குக்கூட கிடைக்கவில்லை. அது பழைய கணக்கு, இப்போது கொஞ்சம் மாறியிருக்கும் என்று நம்பலாம். ஆனால் தொடங்கிய இடம் அவ்வளவு கீழே இருந்தது.

அப்போ என்னதான் பண்றது? காற்று உறையும் சின்ன ஊசியும்

முதல் ஆயுதம் ஒரு எளிமையான இயந்திரம். இரண்டு காலிலும் உறை மாதிரி சுற்றிவிடுவார்கள். அதில் காற்று நிரம்பும், இறங்கும், மறுபடி நிரம்பும். பிரஷர் பார்க்கும்போது கையில் இறுக்குமே, அதே மாதிரிதான். கெண்டைக்கால் செய்ய முடியாத பம்பு வேலையை வெளியில் இருந்து இது செய்கிறது. மருந்து இல்லை, ஊசி இல்லை. அதனால் தலையில் கசிவு கூடுமோ என்ற பயமே தேவையில்லை.

இது உண்மையிலேயே வேலை செய்யுதா? பிரிட்டனில் 'க்ளாட்ஸ் 3' என்ற பெரிய ஆய்வு, எழுந்து நடக்க முடியாத 2,876 பக்கவாத நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. முடிவு 2013-ல் வந்தது. 30 நாளுக்குள் தொடைப் பகுதி வரையிலான பெரிய குழாயில் உறைவு ஏற்பட்டவர்கள், உறை போடாதவர்களில் 12.1 சதவீதம், போட்டவர்களில் 8.5 சதவீதம். அறிகுறி இல்லாமல் ஸ்கேனில் மட்டும் தெரிந்தவையும் இதில் சேரும்.

நமக்கு முக்கியமானது அதற்குள் இருக்கும் இன்னொரு எண். மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களை மட்டும் தனியாகப் பார்த்தால், உறை போடாதவர்களில் 17 சதவீதம் பேருக்கு உறைவு. போட்டவர்களில் 6.7 சதவீதம். அதாவது அடைப்பு வந்தவரைவிட கசிவு வந்தவருக்குத்தான் காலில் ஆபத்து அதிகம். உறையால் பலனும் அவருக்குத்தான் அதிகம். அந்த ஆய்வில் கசிவு நோயாளிகள் 400 பேருக்கும் குறைவு என்பதால் எண்ணை கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போகிற திசை தெளிவாக இருக்கிறது. அமெரிக்காவில் 2022-ல் வெளியான மூளை ரத்தக்கசிவு வழிகாட்டுதல், இந்த உறையை நோய் உறுதியான நாளிலேயே மாட்டச் சொல்கிறது.

ஒரு விஷயத்தை மறைக்கக்கூடாது. உறை போட்டால் விழுந்த கை கால் சீக்கிரம் சரியாகிவிடாது. அந்த ஆய்விலும் ஆறு மாதம் கழித்து ஊனத்தின் அளவில் வித்தியாசம் இல்லை. சிலருக்கு தோலில் புண்ணும் வந்தது. இது நடக்க வைக்கும் இயந்திரம் இல்லை, உறையாமல் தடுக்கும் இயந்திரம். ஏற்கெனவே பல நாள் படுக்கையில் கிடந்துவிட்டு, கால் வீங்கிய நிலையில் வருபவருக்கு உடனே மாட்டிவிடவும் மாட்டார்கள். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, உள்ளே கட்டி இல்லை என்று உறுதிசெய்வார்கள்.

அதற்குப் பதிலா கடையில் விற்கிற இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கிப் போடலாமா? பல குடும்பங்கள் கைக்காசைப் போட்டு இதை வாங்குகின்றன. இதே ஆய்வுக் குழுவின் முதல் ஆய்வு 2009-ல் வந்தது. 2,518 பேர். தொடை வரை ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களில் 10 சதவீதம், போடாதவர்களில் 10.5 சதவீதம். கிட்டத்தட்ட ஒண்ணுதான். புண், கொப்புளம் மட்டும் போட்டவர்களுக்கு பல மடங்கு அதிகம். பக்கவாத நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது. காசு மிச்சம்.

இரண்டாவது ஆயுதம்தான் குடும்பத்தைப் பயமுறுத்துவது. ஹெப்பாரின் வகை ஊசி. 'ரத்தம் கசிஞ்சவருக்கு ரத்தத்தை இளக்குற ஊசியா? என்ன சார் சொல்றீங்க?' என்று சண்டைக்கே போய்விடுவார்கள். நியாயமான பயம். டாக்டர்களுக்கும் அதே பயம் உண்டு. அதனால்தான் முதல் நாளே போடுவதில்லை. கசிவு தொடங்கிய முதல் சில மணி நேரத்தில்தான் தலைக்குள் இருக்கும் ரத்தக்கட்டி பெரிதாகும் வாய்ப்பு அதிகம். அந்தக் கட்டம் தாண்டி, மறுபடி ஸ்கேன் எடுத்து, கட்டி வளரவில்லை என்று தெரிந்த பிறகு, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சின்ன அளவில் தொடங்குவதை பரிசீலிக்கலாம் என்பது 2022 வழிகாட்டுதலின் நிலை. தடுப்புக்குக் கொடுக்கும் அளவு, வந்த கட்டிக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் அளவைவிட மிகக் குறைவு. இரண்டும் ஒன்றில்லை என்பதை குடும்பத்துக்கு யாராவது உட்கார்ந்து சொன்னால் பாதி சண்டை குறையும்.

எல்லோருக்கும் ஒரே கணக்கும் இல்லை. கசிவின் அளவு, இடம், ஆபரேஷன் நடந்ததா, கிட்னி எப்படி, பிரஷர் கட்டுக்குள் வந்ததா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஊசி இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஊசியும் இல்லை, உறையும் இல்லை, காலை அசைக்க ஆளும் இல்லை என்றால், கேட்க வேண்டிய நேரம் அது. 'சார், கால்ல ரத்தம் உறையாம இருக்க என்ன குடுக்குறீங்க?' இந்த ஒரு கேள்வி போதும். படிக்காதவரும் கேட்கலாம்.

வலிக்காத கால்தான் ஏமாற்றும்

சாதாரணமாக காலில் ரத்தம் உறைந்தால் வலிக்கும், வீங்கும், சூடாக இருக்கும். ஆனால் பக்கவாதம் வந்த காலில் உணர்ச்சியே குறைந்திருக்கலாம். நோயாளியால் பேசவும் முடியாமல் இருக்கலாம். 'வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே' என்பது இங்கே ஆறுதல் கிடையாது.

அதனால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தினமும் ஒரு தடவை போர்வையை விலக்கி இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தையல்காரர் டேப் இருந்தால் இன்னும் நல்லது. முட்டிக்குக் கீழே தெரியும் எலும்பு மேட்டில் இருந்து நாலு விரல்கடை கீழே, இரண்டு காலிலும் ஒரே இடத்தில் சுற்றளவு எடுங்கள். ஒரு காலைவிட இன்னொன்று 3 செ.மீ-க்கு மேல் பெருத்திருந்தால் நர்ஸிடமோ டாக்டரிடமோ உடனே சொல்லுங்கள். அதைவிடக் குறைவான வித்தியாசம் என்றாலும் புதிதாக வந்திருந்தால் சொல்லிவிடுவதே நல்லது. டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும்.

திடீரென மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், படபடப்பு, மயக்கம் வந்தால் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அப்போது கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கட்டி வந்தே விட்டால்? அங்கேதான் டாக்டருக்கே தர்மசங்கடம். கட்டிக்கு முழு அளவு மருந்து கொடுத்தால் தலையில் மறுபடி கசியலாம். கொடுக்காவிட்டால் நுரையீரல் அடைக்கலாம். சிலருக்கு வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் குடைக்கம்பி மாதிரி ஒரு வடிகட்டியைத் தற்காலிகமாக வைத்து, கட்டி மேலே போகாமல் தடுப்பார்கள். ஆபத்து நீங்கியதும் அதை எடுத்துவிட வேண்டும். எல்லா ஊரிலும் நடக்கிற சிகிச்சை இல்லை இது. முன்கூட்டியே தடுப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரியும்.

மலை ஏறிய பிறகு யார் பார்ப்பது?

டிஸ்சார்ஜ் ஆன நாளோடு ஆபத்து முடிவதில்லை. நடக்க ஆரம்பிக்காத வரை அது தொடரும். வீட்டுக்கு வந்ததும் நம் ஊரில் முதலில் நடப்பது என்ன? எண்ணெய் காய்ச்சுவது. 'நல்லா நீவி விட்டா ரத்த ஓட்டம் வரும்பா' என்று பெரியவர்கள் சொல்வார்கள். புறா ரத்தம் தடவுவது வரை தமிழ்நாட்டில் பல இடங்களில் பழக்கம் உண்டு. கொல்லிமலை என்றாலே மூலிகை என்று கீழே இருப்பவர்களே தேடிப் போகும் ஊர் வேறு.

இதில் யாரையும் கேலி செய்ய ஒன்றுமில்லை. கவனித்துக்கொள்ளும் ஆசைதான் அது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிய காலை அழுத்தி நீவுவது ஆபத்து. உள்ளே கட்டி இருந்தால் அந்த அழுத்தமே அதைக் கிளப்பி நுரையீரலுக்கு அனுப்பிவிடலாம். வீக்கம் இருந்தால் முதலில் ஸ்கேன், அப்புறம்தான் மற்றதெல்லாம். வீட்டில் வேறு யாரோ சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரையை 'இதுவும் அதுக்குத்தானே' என்று கொடுப்பதும் அதே அளவு விபரீதம்.

சரி, அரசு என்ன செய்கிறது? 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் இருக்கிறது. படுத்த படுக்கையான நோயாளிக்கு இது பெரிய விஷயம். 2020-ல் எடுத்த தமிழ்நாடு சுகாதார ஆய்வில், மூன்றில் ஒரு பெரியவருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. கசிவுக்கே மூல காரணம் அங்கே இருப்பதால், மாத்திரை வீடு தேடி வருவது இரண்டு முனையிலும் உதவும்.

இடைவெளி நடுவில்தான். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற விபத்து சிகிச்சைத் திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. மலைச் சாலையில் பைக்கில் விழுந்து தலையில் ரத்தம் கசிந்தவருக்கும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் கால் ரத்தம் உறையும் ஆபத்து அந்த 48 மணி நேரம் முடிகிற இடத்தில்தான் சூடுபிடிக்கிறது. முதல் இரண்டு நாளுக்கு திட்டம் இருக்கிறது, வீட்டுக்குப் போன பிறகு திட்டம் இருக்கிறது. மூன்றாம் நாளில் இருந்து பத்தாம் நாள் வரை வார்டில் நடப்பதற்குத்தான் கணக்கு கேட்க ஆள் இல்லை.

மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகளில், பக்கவாத நோயாளிகள் படுத்திருக்கும் படுக்கைகளில் எத்தனைக்கு அந்தக் காற்று உறை இருக்கிறது? ஒரு நோயாளிக்குப் போட்டதை அடுத்தவருக்குப் போட முடியாத உறைகள் தீர்ந்தால், வாங்க நிதி எந்தத் தலைப்பில் வருகிறது? மாற்றி அனுப்பும் சீட்டில் 'கால் உறைவு தடுப்பு: ஆம் / இல்லை / தொடங்கிய நேரம்' என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? சட்டமன்ற உறுப்பினர்களும் மாவட்ட நிர்வாகமும் புதுக் கட்டடம் கேட்பதோடு இதையும் கேட்கலாம். கட்டடத்தைவிட ரொம்ப மலிவு.

மலையில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போது மூன்று விஷயத்தைக் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊசியோ மாத்திரையோ இன்னும் எத்தனை நாள், அடுத்த ஸ்கேன் எப்போது, காலுக்கு என்ன பயிற்சி. அந்தச் சீட்டை மாத்திரை டப்பாவோடு வையுங்கள். சந்தேகம் என்றால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். மூச்சு வாங்கினால் 108. அழைத்ததும் 'பக்கவாதம் வந்தவர்' என்பதோடு நிறுத்தாமல், 'மூளையில் ரத்தக்கசிவு வந்து இத்தனை நாளாச்சு, கால் வீங்கியிருக்கு, இப்போ மூச்சு வாங்குது' என்று முழுசாகச் சொல்லுங்கள். 70 வளைவு இறங்கி வருவதற்குள் கீழே இருக்கும் டாக்டருக்குத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கும்.